பளபளக்கும் விரலி மஞ்சளில் ஈயமா? பாலக்கோடு சகோதரிக்கு

சந்தையில் வாங்கிய விரலி மஞ்சள் பளபளக்கிறது, தொட்டால் கையெல்லாம் ஒட்டுகிறது, இரண்டு வயதுக் குழந்தைக்கும் அதைத்தான் போட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றே நிறுத்திவிடுங்கள் சகோதரி. மெருகேற்றும்போது சிலர் லெட் குரோமேட் என்ற ஈயம் கலந்த மஞ்சள் நிறமியைப் பூசுகிறார்கள். அதிலுள்ள ஈயம் கொதிக்க வைத்தாலும் போகாது.

கண்ணாடி டம்ளர் வெந்நீரில் ஒரு விரலியைப் போட்டுக் கலக்காமல் வையுங்கள். உடனே அடர்மஞ்சள் சாயம் இறங்கினால் கலப்படச் சந்தேகம் வலுக்கும். இறங்காவிட்டாலும் நம்பிவிட வேண்டாம், ஆய்வகம்தான் உறுதியாகச் சொல்லும். மஞ்சளில் ஈயத்துக்கு வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம். லெட் குரோமேட் துளியும் கூடாது.

குழந்தைக்கு நரம்பில் ரத்தம் எடுத்து ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே கவனிக்க வேண்டும். கூடவே ஹீமோகுளோபினும் பாருங்கள்: இரும்புச்சத்து குறைந்தால் குடல் ஈயத்தை அதிகம் இழுக்கும்.

இனி அரூர், பாப்பிரெட்டிப்பட்டி விவசாயிகளிடம் மெருகேற்றாத, சொரசொரப்பான விரலியாகக் கேட்டு வாங்கி, மில்லில் கண்ணெதிரே அரைத்துக்கொள்ளுங்கள்.