டொராய்டு பெரிதானதும் டெஸ்லா காயில் ஸ்பார்க் குறைந்தால்

பிரைமரி (கீழே இருக்கும் முதல் சுருள்) மீது கம்பி இணையும் இடமான டேப்பை வெளிப்பக்கமாக நகர்த்துங்கள். 9 கிலோவோல்ட், 30 மில்லியாம்ப் நியான் டிரான்ஸ்ஃபார்மர் அப்படியே இருக்க, பெரிய டொராய்டு (உச்சியில் இருக்கும் டோனட் வடிவ உலோக வளையம்) வைத்ததும் ஸ்பார்க் 12 அங்குலத்திலிருந்து 5-க்கு வந்தது என்கிறீர்கள். டேப்போ பழைய சுற்றிலேயே இருக்கிறது. டொராய்டு பெரிதானால் செகண்டரியின் (டொராய்டைத் தாங்கும் உயரமான சுருள்) மின் கொள்ளளவு கூடி அதிர்வெண் இறங்கும். இரண்டும் ஒத்திருக்க பிரைமரியின் அதிர்வெண்ணையும் இறக்க வேண்டும், அதற்கு அதிகச் சுற்று வேண்டும்.

1. டொராய்டில் சிறு கம்பியை நீட்டி ஒட்டுங்கள். ஸ்பார்க் ஒரே இடத்தில் கிளம்பினால்தான் ஒப்பிட முடியும்.

2. டேப்பைக் கால் சுற்றாக நகர்த்தி, சில நொடி மட்டும் ஓட்டிப் பாருங்கள். நீளம் உச்சம் தொட்டுக் குறையத் தொடங்கும் வரை போய்த் திரும்புங்கள். ஸ்பார்க் இல்லாமல் சிக்னல் ஜெனரேட்டரால் அளக்கும்போது கிடைக்கும் ஒத்ததிர்வுப் புள்ளியோடு நிற்காதீர்கள். ஸ்பார்க்கே கொள்ளளவைக் கூட்டுவதால், உச்சம் பெரும்பாலும் அதற்கு அரை முதல் ஒரு சுற்று வெளியே இருக்கும்.

3. செகண்டரி உடம்பில் பொறி ஓடினால் கப்ளிங் (இரு சுருள்களுக்கும் இடையிலான காந்தப் பிணைப்பு) அதிகம். செகண்டரியை 1 செ.மீ. உயர்த்துங்கள்.

ஸ்பார்க் கேப்பை (பிரைமரி சர்க்யூட்டில் பொறி தாவும் இடைவெளி) அகலமாக்கி நீளம் தேடுவது வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன்தான் போகும். கெப்பாசிட்டர் 10.6 நானோஃபேரட் அருகே இருந்தாலும் அதே ஆபத்து: 50 ஹெர்ட்ஸில் அது டிரான்ஸ்ஃபார்மரோடு ஒத்ததிரும். சுழலாத, நிலையான ஸ்பார்க் கேப்புக்கு 16 நானோஃபேரட் நல்லது.

டேப்பைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கி, இன்சுலேட்டட் கைப்பிடிக் கம்பியால் கெப்பாசிட்டரை ஷார்ட் செய்யுங்கள். கெப்பாசிட்டரின் மின்னூட்டத்தை மெல்ல வடிக்கும் பிளீடர் ரெசிஸ்டரை மட்டும் நம்பாதீர்கள்.