தமிழில் வந்த பழைய சோவியத் சிறுவர் படப்புத்தகம் முதல் பதிப்புதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பரணில் ஒன்று அகப்பட்டிருக்கும், இல்லையென்றால் யாரோ உங்களிடம் பெரிய விலை சொல்லியிருப்பார்கள். விலை சொன்னவர் இருக்கிறார் என்றால், பணம் அனுப்புமுன் கடைசிப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

போன வருடம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் விலங்குக் கதைப் புத்தகம் ஒன்றை 'முதல் பதிப்பு 1976, அபூர்வம்' என்று விற்பனைக்குப் போட்டார். விலை நாலாயிரம். ஆனால் தலைப்புப் பக்கத்தில் 'ராதுகா பதிப்பகம், மாஸ்கோ' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. ராதுகா 1982-இல்தான் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகத்திலிருந்து தனியாகப் பிரிந்தது. பிறக்காத பதிப்பகம் 1976-இல் எப்படிப் புத்தகம் போடும் என்று கேட்டேன். "உள்ளே வருஷம் போட்டிருக்கு சார், கண்ணைத் திறந்து பாருங்க" என்றார்.

போட்டிருந்தது உண்மைதான். அது ரஷ்ய மூலத்தின் காப்புரிமை வருடம். அதற்குக் கீழேயே தமிழ் மொழிபெயர்ப்புக்கு வேறொரு வருடம் இருந்தது. அதைப் பார்க்க வேண்டும். 'இரண்டாம் பதிப்பு' என்று எங்காவது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அப்புறம் கடைசிப் பக்கம். அங்கே பொடி எழுத்தில் ரஷ்ய மொழியில் ஒரு பத்தி இருக்கும்: அச்சுக் கோக்கக் கொடுத்த தேதி, அச்சுக்குக் கையெழுத்தான தேதி, தாள் அளவு, எத்தனை பிரதி என்பதெல்லாம். ரஷ்யன் தெரியாவிட்டாலும் எண்களைப் படிக்கலாமே. ஐ.எஸ்.பி.என். என்ற சர்வதேசப் புத்தக எண் இருந்தால் அது எண்பதுகளின் பிற்பகுதியிலோ அதற்குப் பிறகோ அச்சானது; 5-05 என்று தொடங்கினால் ராதுகா.

அவர் கடைசியில் அந்தப் பக்கத்தையும் போட்டார். 85 என்று தெளிவாக இருந்தது. பதிவை நீக்கிவிட்டு, குழுவிலிருந்து என்னையும் நீக்கிவிட்டார்.

நான் வியாபாரியும் இல்லை, கட்சிக்காரனும் இல்லை. யாரும் அந்தப் பக்கம் இழுக்க வேண்டாம். மறுபதிப்பு மட்டம் என்றும் சொல்லவில்லை. படம் அதே படம்தான், குழந்தைக்கு அது போதும். நாலாயிரம் கேட்டால்தான் இந்தப் பேச்சே.

இதைவிட எனக்கு வயிற்றெரிச்சல் நூலகக் கழிவில் வரும் பிரதிகள். பைண்டிங் செய்கிறவர் பசையைத் தாராளமாகத் தடவி, கடைசிப் பக்கத்தை அட்டையோடு சேர்த்து ஒட்டிவிடுவார். இனி அந்தத் தேதியை யார் பார்ப்பது? போதாததற்கு ஊதா மை முத்திரை வேறு. வெற்றுத் தாள் எத்தனையோ இருக்க, கரடியின் மூஞ்சியில்தான் குத்த வேண்டுமா?