மாத்திரை கேட்கவில்லை, ஆபரேஷனுக்குப் போகலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 58. சர்க்கரை வந்து 14 வருஷம் ஆகிறது. இரண்டு வருஷமாக விறைப்பு சரியாக வருவதில்லை. அந்த நீல மாத்திரையை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. இங்கே ஒரு தனியார் டாக்டர் "ஆபரேஷன் செய்து, விறைப்புக்கு உதவும் கருவியை உறுப்புக்குள் இம்ப்ளான்ட்டாக வைத்துவிடலாம், அடுத்த மாதமே தேதி இருக்கிறது" என்கிறார். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. வைத்துக்கொள்ளலாமா?
- பெயர் வேண்டாம், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: ஐயா, முதலில் அந்தத் தேதியைத் தள்ளிப்போடுங்கள். ஆபரேஷனே கூடாது என்று நான் சொல்லவில்லை, உங்களுக்கு ஒருநாள் அது தேவைப்படலாம். ஆனால் மூன்று மாத்திரையை வைத்து முடிவெடுக்கிற காரியம் இல்லை இது.

அந்த மூன்று தடவையும் எப்படிப் போட்டீர்கள்? ஞாயிற்றுக்கிழமை வயிறு முட்ட ஆட்டுக்கறி பிரியாணி சாப்பிட்டுவிட்டு, மேலே மாத்திரையையும் போட்டுக்கொண்டு, கால் மணி நேரத்தில் "வேலை செய்யவில்லை" என்று கைவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொழுப்புச் சாப்பாட்டுக்கு மேல் போனால் சில்டெனாஃபில், அதாவது அந்த நீல மாத்திரை, மெதுவாகத்தான் ஏறும். சுமார் ஒரு மணி நேரம் முன்னால், வயிறு லேசாக இருக்கும்போது போட வேண்டும். அப்புறம், அது தானாக எழுப்பிவிடுகிற மருந்து இல்லை, ஆசையும் தொடுதலும் இருந்தால்தான் உதவும். டாக்டர் சொன்னபடி 50 மில்லிகிராமிலிருந்து 100 வரை ஏற்றி, ஏழெட்டுத் தடவையாவது பார்த்த பிறகுதான் "மருந்து கேட்கவில்லை" என்று சொல்ல முடியும். அதன் பிறகும் அதே வகையில் தடாலாஃபில் என்ற இன்னொரு மாத்திரை இருக்கிறது, அதன் வேகம் 36 மணி நேரம் வரை நிற்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரையோ ஸ்பிரேயோ எடுக்கிறவர்கள் இந்த இரண்டையும் தொடவே கூடாது, பிரஷர் சட்டென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

இதைவிட எனக்குக் கவலை உங்கள் இதயம்தான். ஆணுறுப்பின் ரத்தக்குழாய் 1-2 மில்லிமீட்டர், இதயத்தின் குழாய் 3-4 மில்லிமீட்டர். அடைப்பு சேர ஆரம்பித்தால் சின்னக் குழாயில்தான் முதலில் தெரியும், அதனால் பலருக்கு மாரடைப்புக்குச் சில வருஷம் முன்பே விறைப்பு குறைகிறது. 14 வருஷச் சர்க்கரைக்காரர் நீங்கள், இதயத்தைக் காட்டிவிடுங்கள். கூடவே மூன்று மாதச் சராசரி சர்க்கரை, காலையில் எடுக்கிற டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) டெஸ்ட், பிரஷர் மாத்திரை சாப்பிட்டால் அதன் பெயர், எல்லாவற்றையும் டாக்டர் முன்னால் வையுங்கள். காலையில் கண் விழிக்கும்போது விறைப்பு இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். இருந்தால் கோளாறு பெரும்பாலும் குழாயில் இல்லை, மனசில்.

மாத்திரை உண்மையிலேயே கேட்கவில்லை என்றால் அடுத்தது வேக்யூம் பம்ப், உறுப்பின் மேல் குழாயை வைத்துக் காற்றை உறிஞ்சி ரத்தத்தை இழுக்கிற கருவி; ரத்தம் இறங்காமல் அடியில் மாட்டுகிற வளையத்தை அரை மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது. அப்புறம் உறுப்பிலேயே போட்டுக்கொள்கிற ஊசி. கேட்கவே பயமாக இருக்கும், மெல்லிய ஊசிதான், பழகிவிடுகிறார்கள். விறைப்பு நாலு மணி நேரம் இறங்காமல் நின்றால் மட்டும் வெட்கப்படாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இத்தனையும் பலிக்காமல், அல்லது ஒத்துக்கொள்ளாமல் போனவர்களுக்குத்தான் இம்ப்ளான்ட். ஏன் கடைசி என்கிறேன் தெரியுமா? உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற திசுவை ஒதுக்கித்தான் உருளைகளை வைக்கிறார்கள், பிறகு அதை எடுத்துவிட்டால் இயற்கை விறைப்பு திரும்பாது, மாத்திரையும் பம்பும் முன்புபோல உதவாது. திரும்பி வர வழியில்லாத பாதை. மடக்கி நிமிர்த்துகிற கம்பி வகை ஒன்று. விதைப்பையில் சின்ன பம்ப் வைத்து, அழுத்தினால் உப்புநீர் ஏறி விறைக்கிற வகை இன்னொன்று. உணர்ச்சியும் உச்சமும் முன்பு எப்படியோ அப்படியே இருக்கும். நீளம் கூடாது, சிலருக்குக் கொஞ்சம் குறைந்ததாகத் தோன்றும். ஆசையே இல்லாதவருக்கு ஆசையை அது கொடுக்காது. கிருமித் தொற்று நூற்றில் ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு வரலாம், சர்க்கரை கட்டில் இல்லாதவருக்கு அதிகம், வந்தால் பெரும்பாலும் முழுவதையும் எடுக்க வேண்டியிருக்கும். பத்து, பதினைந்து வருஷத்தில் கருவி பழுதாகி மறுபடி ஆபரேஷனும் வரலாம். இவ்வளவு சொன்னாலும், சரியான ஆளுக்கு வைத்தால் பெரும்பாலோர் திருப்தியாகத்தான் இருக்கிறார்கள்.

உங்கள் மனைவி இதைக் கேட்டே ஆக வேண்டும். டாக்டரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) எவ்வளவு கொடுக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அந்த டாக்டரிடம் வருஷத்துக்கு எத்தனை இம்ப்ளான்ட் வைக்கிறார் என்று கேளுங்கள், கோபப்பட்டால் வேறு ஒருவரைப் பாருங்கள். ரோபோட்டில் (சிக்னலில்) வண்டி நிற்கும்போது கையில் திணிக்கிறார்களே, உறுப்பைப் பெரிதாக்கும் நோட்டீஸ், அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் விறைப்பு வரவில்லை. இம்ப்ளான்ட் வைக்கச் சொல்லலாமா?
- ஒரு மனைவி, ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: அவசரம் வேண்டாம் அம்மா. விறைப்புக்கான நரம்புகளைக் காப்பாற்றிச் செய்த ஆபரேஷன் என்றால், அவை மெல்லத்தான் தேறும், 18 முதல் 24 மாதம் வரைகூட ஆகலாம். நரம்புகளைக் காப்பாற்ற முடிந்ததா என்று சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள். முடியவில்லை என்றால் அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லாமல் போகலாம். அதுவரை மாத்திரை, பம்ப், ஊசி எதை எப்போது ஆரம்பிக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டு வையுங்கள்.