வீட்டுத்தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்கள் வீடு வெள்ளவத்தையில், மரைன் டிரைவிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே. பின்பக்கம் ஒரு சின்ன வளவு இருக்கிறது. காலையில் வெயில் படும். பத்தரை மணிக்குப் பிறகு மாமரமும் அடுத்த வீட்டு மதிலும் மறைத்துவிடும். மெல்பேர்னில் என் தங்கை சின்ன வெள்ளைப் பூப் பூக்கும் கமேலியாவை வேலியாக வளர்க்கிறாள். வருடம் முழுக்கப் பச்சை. அந்த ஆசையில் நுவரெலியா போனபோது ஒரு கமேலியாக் கன்று வாங்கி வந்தேன். இலை நன்றாக இருக்கிறது, மொட்டும் வந்தது, ஆனால் ஒன்றுகூட விரியாமல் கொட்டிவிட்டது. டிசம்பரில் தங்கை வரும்போது அவளுடைய செடியில் ஒரு கிளை வெட்டிக்கொண்டு வரச் சொல்லவா?

பதில்: தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கொண்டு வர வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் செடியையோ கிளையையோ நாட்டுக்குள் கொண்டு வர முடியாது. சட்டம் இருக்கிறதே என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கமேலியாவும் நம் தேயிலையும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஒன்றில் இருக்கும் பூச்சியும் பூசணமும் மற்றதற்குத் தாவலாம். 1869இல் இங்கே கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபது வருடங்களுக்குள் கோப்பித் தோட்டங்கள் போய்விட்டன. 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. மலைத் தோட்டங்களில் மழைக்காலம் வந்தால் இன்றைக்கும் அதற்கு மருந்து அடிக்கிறார்கள். ஈரத்துணியில் சுற்றிய கிளையில் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. மலைநாட்டில் எத்தனை வீட்டு அடுப்பு அந்தத் தேயிலையை நம்பி எரிகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்து, உங்கள் நுவரெலியாக் கமேலியா. அது மொட்டுக் கட்ட வெப்பம் போதும். மொட்டு விரியத்தான் குளிர் வேண்டும், அதுவும் பல வாரம் தொடர்ந்து. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரி இரவுகளில் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கிவிடும். கொழும்பில் அதே ஜனவரி இரவு இருபத்திரண்டு பாகை அளவில் நிற்கும். உரத்தை மாற்றினாலும் தண்ணீரைக் கூட்டினாலும் குளிரைக் கொடுக்க முடியாது. ஹட்டன், நானுஓயாப் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருந்தால் கன்றை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள், அங்கே அது பூக்கும். தங்கை வீட்டு வேலி, நீங்கள் சொல்வதைப் பார்த்தால், தாய்வான் மலைக்காட்டிலிருந்து வந்த டிரான்ஸ்நோகோயென்சிஸ் வகையாக இருக்கலாம். அதுவும் குளிர் கண்ட செடிதான்.

சரி, உங்கள் மூலைக்கு என்ன வைப்பது? தேயிலையை வையுங்கள்.

தேயிலையின் தாவரவியல் பெயரே கமேலியா சினென்சிஸ்தான். சின்ன இலை, என்றும் பசுமை, சின்ன வெள்ளைப் பூ, அரை நிழலில் சந்தோசமாக நிற்கும். நீங்கள் தேடிய எல்லாமே அதில் இருக்கிறது. காட்டில் அது பெரிய மரங்களின் கீழே வளர்ந்த செடி. தோட்டங்களில் சவுக்கும் (கிரவிலியா மரம்) கிளிரிசிடியாவும் நிழலுக்கு நிற்பதும் அதனால்தான். இலையின் சூடு 35 பாகையைத் தாண்டினால் செடி உணவு தயாரிப்பதே குறைந்துவிடும். மலையில்தான் வளரும் என்று பயப்பட வேண்டாம். இரத்தினபுரி, காலி, மாத்தறை, களுத்துறை எல்லாம் தாழ்நாட்டுத் தேயிலைதானே.

நான் பிறந்தது நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில். அம்மா கொழுந்தெடுத்தவர். எங்கள் பக்கத்தில் ஒரு தேயிலை மலை பூத்துக் கிடந்தால் அதைக் கவனிக்க ஆளில்லை என்று அர்த்தம், ஏனென்றால் ஏழெட்டு நாளுக்கொரு தடவை கொழுந்தெடுத்து, சில வருடத்துக்கொரு முறை கவ்வாத்து வெட்டினால் பூ எங்கே வரும்? அதனால் இத்தனை தேயிலைக்கு நடுவே வளர்ந்தவர்கள்கூட அந்தப் பூவை நின்று பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது தெஹிவளையில் என் வீட்டுக் குசினி யன்னலுக்கு வெளியே ஒரு செடியைப் பூக்க விட்டிருக்கிறேன். இலைக்கும் தண்டுக்கும் நடுவில், வளைந்த சின்னக் காம்பில், பட்டாணி போல ஒரு மொட்டுத் தொங்கும். விரிந்தாலும் தலையை நிமிர்த்தாது, மண்ணைப் பார்த்தபடியே இருக்கும். விரலால் தூக்கிப் பார்த்தால் உள்ளே கொத்துக் கொத்தாக மஞ்சள் மகரந்தம். இதழ் கொஞ்சம் தடிப்பு, மெழுகு பூசினது மாதிரி. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால்தான் மணம் தெரியும். காலையில் சின்னத் தேனீக்கள் வரும். இதழ் உதிர்ந்த பிறகு மூன்று புடைப்புள்ள பச்சைக் காய் பிடிக்கும்; அது முற்றிக் காய்ந்து வெடிக்க ஏறக்குறைய ஒரு வருடம் எடுக்கும். அதனால் பூவையும் பழைய காயையும் ஒரே கிளையில் பார்க்கலாம். எனக்கு இதைவிட அழகான சின்னப் பூச்செடி கொழும்பில் தெரியாது.

கன்று வாங்கும்போது தாழ்நாட்டு வகை என்று கேட்டு வாங்குங்கள். இரத்தினபுரி, களுத்துறைப் பக்கத்து நாற்றுத் தவறணைகளில் பொலித்தீன் பையில் கிடைக்கும். அநேகமாக வீபீ கன்றாகத்தான் இருக்கும், அதாவது கிளையிலிருந்து எடுத்தது. அதற்கு ஆணிவேர் இல்லை, ஆகவே ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் மழை குறையும்போது தண்ணீர் தவறக் கூடாது. விதைக் கன்று கிடைத்தால் அதை எடுங்கள், வேர் ஆழமாகப் போகும்.

மாமரத்துக்கு நேர் கீழே வைக்காதீர்கள். இலை விரிப்பின் ஓரத்துக்கு வெளியே, காலை வெயில் மூன்று நான்கு மணித்தியாலம் படும் இடமாகப் பாருங்கள். ஒரேயடியாக இருட்டென்றால் இலை வரும், பூ வராது. ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். வெட்டும்போது சீமெந்துத் துண்டு, சுண்ணாம்புக் காரை, சிப்பிமண் வந்தால் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டுச் செம்மண்ணும் மக்கிய இலையும் போட்டு நிரப்புங்கள். கொழும்பில் பழைய வீடு இடித்த கல்மண் இல்லாத வளவு குறைவு, அதிலும் நீங்கள் கடற்கரைப் பக்கம். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், பீஎச் நாலரையிலிருந்து ஐந்தரை. பையில் எந்த மட்டத்தில் மண் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள், தண்டைப் புதைக்க வேண்டாம். காய்ந்த இலையை மேலே பரப்பி, தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் விட்டுவிடுங்கள். மே மாத மழை தொடங்கியதும் நடலாம், இல்லையென்றால் ஒக்டோபர். வேலியாக வேண்டுமென்றால் இரண்டடிக்கு ஒன்று. கடல் காற்று நேரே அடிக்காமல் மதில் மறைப்பது நல்லதுதான்.

அப்புறம் கத்தரிக்கோலை மறந்துவிடுங்கள். இடுப்பளவு வரும்வரை நுனியை மட்டும் கிள்ளிக் கிளைக்க விடுங்கள். அதன் பிறகு சும்மா விட்டால் தானாகவே பூக்கும்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடி. பல்கனியில் பெரிய சட்டியில் ஒரு தேயிலைக் கன்று வைத்திருக்கிறேன். புது இலை மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. முட்டைக்கோதும் அடுப்புச் சாம்பலும் ஒழுங்காகப் போடுகிறேன்.

பதில்: அந்த இரண்டையும் இன்றைக்கே நிறுத்துங்கள். முட்டைக்கோதிலும் சாம்பலிலும் இருப்பது சுண்ணாம்புச் சத்து, அது மண்ணின் புளிப்பை எடுத்துவிடும். புளிப்புப் போனால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நீங்கள் சொல்லும் மஞ்சள் அதுதான். தென்னைக்குப் போடும் டொலமைற்றும் இதற்கு ஆகாது. செடியை மெதுவாக வெளியே எடுத்து, பழைய மண்ணை உதறி, செம்மண், மக்கிய இலை, கழுவிய தும்புத்தூள் மூன்றும் சம அளவில் கலந்து புதிதாக வையுங்கள். தும்புத்தூளைக் கழுவாமல் போட்டால் உப்பு இருக்கும். பல்கனி மேற்குப் பார்த்ததென்றால் பின்னேர வெயிலுக்கு ஒரு நிழல் வலை கட்டுங்கள். மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது, அடுத்த தளிரைப் பாருங்கள்.

கேள்வி: பிளேன்டீ போட்ட தூளைத் தேயிலைச் செடிக்கே போடலாமா?

பதில்: போடலாம். பாலும் சீனியும் கலக்காததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எறும்பு வரும். சட்டியில் தடிப்பாகப் பரப்பினால் காய்ந்து பொருக்காகித் தண்ணீரை உள்ளே விடாது. கூட்டெருவோடு கலந்து போடுங்கள்.

கேள்வி: வீட்டுச் செடியில் கொழுந்தெடுத்துத் தேநீர் போட முடியுமா?

பதில்: ஒரு கோப்பைக்கு முடியும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும், அதை வைத்துக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, இரண்டு நிமிடம் ஆவியில் வைத்து, உள்ளங்கையில் உருட்டி, தாச்சியில் மெல்லிய நெருப்பில் ஈரம் போக வறுத்தால் பச்சைத் தேயிலை. பூ வேண்டுமென்றால் பூ மொட்டுக் கட்டிய கிளையை விட்டுவிட்டு மற்றக் கிளையில் எடுங்கள்.