ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா: இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஏற்றுமதி டாக்குமெண்ட் போடும் வேலையில் இருந்தேன். அங்கே பட்ட அசிங்கத்தால் எனக்கு இந்த இரண்டும் ஜென்மத்துக்கும் மறக்காது.

பையர் ஸ்லோவாக்கியாக்காரர், ஊர் பிராட்டிஸ்லாவா. ஆனால் சரக்கு இறங்கும் துறைமுகம் என்று அவர் எழுதியிருந்தது 'கோப்பர், ஸ்லோவேனியா'. பாவம், தப்பாக அடித்துவிட்டார் போல என்று நானே இன்வாய்ஸில் நாட்டை 'ஸ்லோவாக்கியா' என்று மாற்றிவிட்டேன். மறுநாள் பதில் வந்தது: "எங்கள் நாட்டுக்குக் கடலே கிடையாது." பேக்கிங் லிஸ்ட் முதல் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டியதாயிற்று.

ஸ்லோவேனியாவுக்கு ஏட்ரியாட்டிக் கடலோரம் சுமார் 47 கி.மீ. கரை இருக்கிறது. கோப்பர் அங்கேதான். கடலில்லாத ஆஸ்திரியா, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா மூன்றுக்கும் போகிற சரக்கும் அங்கே இறங்குவதுண்டு. இரண்டு நாடுகளும் பக்கத்துப் பக்கத்து நாடுகள்கூட இல்லை. நடுவில் ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் கிடக்கின்றன.

கொஞ்சம் வயதானவர்களுக்கு இன்னொரு வழி சுலபம். பள்ளியில் படித்த செக்கோஸ்லோவாக்கியாவின் பின்பாதிதான் ஸ்லோவாக்கியா. 1993 ஜனவரி 1இல் தனி நாடானது. ஸ்லோவேனியா 1991இல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தது, தலைநகரம் லூப்லியானா.

மக்களை ஸ்லோவாக்கியர், ஸ்லோவேனியர் என்று சொன்னால் நமக்குப் போதும். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வதைக் கேட்டால்தான் தலை சுற்றும். ஸ்லோவாக்கியர் தங்கள் நாட்டை 'ஸ்லோவென்ஸ்கோ' என்கிறார்கள். நம் காதுக்கு அது ஸ்லோவேனியா மாதிரியே இல்லையா? ஆண்களில் ஒருவர் 'ஸ்லோவாக்', மற்றவர் 'ஸ்லோவெனெட்ஸ்', சரி. பெண்ணுக்கு வந்தால் இரண்டு மொழியிலும் ஒரே சொல், 'ஸ்லோவென்கா'! இரண்டு பெயரும் 'ஸ்லாவ்' என்ற ஒரே வேரில் முளைத்தவை, அதனால்தான் இந்தக் கூத்து.

கொடியும் உதவாது: இரண்டிலும் மேலிருந்து வெள்ளை, நீலம், சிவப்பு. சின்னத்தைத்தான் பார்க்க வேண்டும். மூன்று சிகரமுள்ள திரிக்லாவ் மலையும் மூன்று நட்சத்திரமும் இருந்தால் ஸ்லோவேனியா, இரட்டைச் சிலுவை இருந்தால் ஸ்லோவாக்கியா.

அப்புறம், ஸ்லவோனியா என்று ஒன்றும் கண்ணில் படலாம். அது நாடல்ல, குரோஷியாவின் கிழக்குப் பகுதி. டாக்குமெண்டில் அப்படி எழுதியிருந்தால் பையரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.