சிட்டிசன் கேன் அந்தப் பெரிய பெயருக்குத் தகுதியான படம்தானா?

“உலகின் தலைசிறந்த படம் என்கிறார்களே என்று சிட்டிசன் கேனைப் பார்த்தேன். ஒரு பணக்காரரின் வாழ்க்கைக் கதை, கடைசியில் ஒரு பனிச்சறுக்கு வண்டி, அவ்வளவுதான். இதற்கா இத்தனை புகழ்?” என்று கேட்டிருக்கிறீர்கள். தகுதியான படம்தான் என்பது என் பதில். ஆனால் அந்தப் புகழுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களில் பாதி தவறானவை என்பதையும், அந்தப் புகழே படத்தைச் சரியாகப் பார்க்கவிடாமல் குறுக்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. (முடிவை நீங்களே கேள்வியில் போட்டு உடைத்துவிட்டதால் நானும் தயங்காமல் எழுதுகிறேன்.)

முதல் முறை பார்த்தபோது எனக்கும் உங்கள் ஏமாற்றமே ஏற்பட்டது. கல்லூரி நாட்களில், சினிமாவைப் பற்றி நாலு புத்தகம் படித்துவிட்ட மிதப்பில், மடியில் ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, தேர்வுக்குப் படிப்பதுபோல உட்கார்ந்து பார்த்தேன். படம் முடிந்தபோது கேமராக் கோணங்களைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். சார்லஸ் கேன் என்ற மனிதனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்த ‘முதலிடம்’ எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். 1941 மே மாதம் படம் வெளியானபோது, அது தம்மைத்தான் குத்திக்காட்டுகிறது என்று கருதிய பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்டின் நாளிதழ்கள் அதன் விளம்பரத்தைக்கூட ஏற்க மறுத்தன, பல திரையரங்குகள் வம்பெதற்கு என்று ஒதுங்கிக்கொண்டன, தயாரித்த ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்கு நட்டம்தான் மிஞ்சியது. ஒன்பது ஆஸ்கர் பரிந்துரைகளில் திரைக்கதைக்கான ஒரே ஒரு விருதுதான் கைக்கு வந்தது. பிரிட்டனின் சைட் அண்ட் சவுண்ட் இதழ் 1952-இல் விமர்சகர்களிடம் முதல் கருத்துக்கணிப்பை நடத்தியபோது முதல் பத்து இடங்களில் இந்தப் படம் இல்லவே இல்லை. 1962-இல் முதலிடத்துக்கு வந்து, அடுத்த நான்கு கணிப்புகளிலும் அதை விடாமல் பிடித்துக்கொண்டு, 2012-இல் ஹிட்ச்காக்கின் வெர்டிகோவிடம் இழந்து, 2022-இல் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது.

அந்தக் கணிப்பில் ஒவ்வொரு விமர்சகரும் பத்துப் படங்களின் பெயரை அனுப்புவார். பத்துக்கும் ஒரே மதிப்புதான். ஆகவே முதலிடம் பெறும் படம், யாரேனும் ‘இதுவே தலைசிறந்தது’ என்று சத்தியம் செய்த படமாக இருக்க வேண்டியதில்லை. அதிகம் பேருடைய பத்தில் எங்கோ ஓரிடத்தில் இருந்தாலே போதும். 2012-இல் 846 பேர் வாக்களித்ததில் வெர்டிகோவுக்கு 191, சிட்டிசன் கேனுக்கு 157. வென்ற படத்தையே நான்கில் ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. இப்படிப்பட்ட ஒரு கூட்டலின் விடையை ‘உலகின் தலைசிறந்த படம்’ என்ற பட்டமாக மாற்றி ஒரு படத்தின் தலையில் கட்டியது அந்தப் படத்தின் குற்றமல்ல.

இன்னொரு பழக்கமான புகழ்ச்சி, எல்லாவற்றையும் முதலில் செய்த படம் இதுதான் என்பது. அது உண்மையல்ல. அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒரே தெளிவோடு தெரியும் டீப் ஃபோகஸ் ஒளிப்பதிவை 1930-களிலேயே பிரெஞ்சு இயக்குநர் ஜான் ரெனுவார் தம் படங்களில் அருமையாகக் கையாண்டிருக்கிறார். இந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டே 1940-இல் ஜான் ஃபோர்டின் படத்தில் அதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தார். இறந்துபோன ஒரு பெரும்புள்ளியின் வாழ்க்கையை முன்பின்னாகக் கலைத்துப் போட்டுச் சொல்லும் திரைக்கதை 1933-லேயே ஹாலிவுட்டில் வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், டீப் ஃபோகஸுக்கு உதாரணமாகப் பலரும் எடுத்துக்காட்டும் காட்சி ஒன்று, அதாவது விஷமருந்தி மயங்கிக் கிடக்கும் கேனின் இரண்டாம் மனைவி சூசனுக்கு முன்னால் கண்ணாடிக் குவளை பெரிதாகவும், பின்னால் கேன் உடைத்துத் திறக்கும் கதவு சிறிதாகவும் தெரியும் காட்சி, லென்ஸின் வேலையே அல்ல; ஒரே ஃபிலிமைச் சுற்றிச் சுற்றி, பகுதி பகுதியாக ஒளியமைத்து, கேமராவுக்குள்ளேயே பலமுறை பதிவு செய்த தந்திரம் அது.

எனவே யார் முதலில் செய்தார் என்ற விசாரணையை விட்டுவிட்டு, செய்தது எதற்குப் பயன்பட்டது என்று பார்ப்பதே சரி. கேனின் சிறுவயதுக் காட்சியை நினைவுபடுத்திப் பாருங்கள். பனியில் ஒரு சிறுவன் விளையாடிக்கொண்டிருக்கிறான். கேமரா மெல்லப் பின்வாங்கும்போதுதான் நாம் வீட்டுக்குள் இருந்து ஜன்னல் வழியாக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது தெரிகிறது. தாய் ஜன்னலை விட்டுத் திரும்பி, அறையின் முன்பகுதியில் இருக்கும் மேசைக்கு வந்து உட்கார்ந்து, மகனை ஒரு வங்கிக்காரரின் பொறுப்பில் ஒப்படைக்கும் பத்திரத்தில் கையெழுத்திடுகிறாள். முடியாது என்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்த தகப்பன், பெற்றோருக்கு ஆண்டுக்கு ஐம்பதாயிரம் டாலர் என்று கேட்டதும் அடங்கிப்போகிறான். இத்தனைக்கும் நடுவே, பெரியவர்களின் தலைகளுக்கு இடையில், ஜன்னல் சட்டத்துக்குள் விரல் அளவு உருவமாக அந்தச் சிறுவன் தெரிந்துகொண்டே இருக்கிறான். போர் வீரனைப்போல அவன் போடும் கூச்சல் உள்ளே கேட்டுக்கொண்டே இருக்கிறது. வெட்டி வெட்டிக் காட்டியிருந்தால் இது ஒரு சோகக் காட்சியாக மட்டுமே நின்றிருக்கும். வெட்டாமல் காட்டியதால், விற்கப்படுகிறவன் தான் விற்கப்படுவதை அறியாமல் ஆடிக்கொண்டிருப்பதை, அவனுக்கு எச்சரிக்கை சொல்ல முடியாத இடத்தில் நின்று நாம் பார்க்க நேர்கிறது. கையெழுத்து முடிந்ததும் தாய் எழுந்துபோய் அந்த ஜன்னலைத் தூக்கித் திறக்கிறாளே, அவள் முகத்தை இன்னொரு முறை கவனியுங்கள்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது, சூசனின் இசைநாடக அரங்கேற்றம் படத்தில் இரண்டு முறை வருவதை. கேனின் நண்பன் லீலண்ட், கேனைப் பற்றி விசாரிக்கும் ஒரு நிருபரிடம் நினைவுகூரும்போது கேமரா மேடையிலிருந்து மேலே மேலே ஏறி, உச்சாணியில் நிற்கும் அரங்கத் தொழிலாளிகளிடம் போய் நிற்கிறது, அவர்களில் ஒருவர் மூக்கைப் பிடித்துக்காட்டுகிறார், நாமும் சிரித்துவிடுகிறோம். பிறகு அதே இரவைச் சூசனே சொல்லும்போது நாம் மேடையில் அவளோடு நிற்கிறோம். எதிரே கண்ணைக் கூசவைக்கும் விளக்குகளும் அவற்றுக்கு அப்பால் இருட்டும்தான். முதல் முறை சிரித்ததற்கு இரண்டாம் முறை வெட்கப்படுகிறோம். ஒரு மனிதரைப் பற்றிய உண்மை, சொல்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது என்பதை எந்த வசனமும் இல்லாமல் இப்படி உணர்த்திய படம் நான் பார்த்தவற்றில் வேறில்லை.

சில ஆண்டுகளுக்குப் பின் இரண்டாம் முறை பார்த்தது என் தம்பியோடு. அவனிடம் படத்தின் பெயரைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனும் குறிப்பேட்டை எடுத்திருப்பான். கேனும் முதல் மனைவியும் காலை உணவு மேசையில் பேசிக்கொள்ளும் பகுதி வந்தது. கொஞ்சலில் தொடங்கி, குத்தலாக மாறி, கடைசியில் கணவனின் போட்டிப் பத்திரிகையை மனைவி விரித்து வைத்துக்கொண்டு படிக்க, நீளமான மேசையின் இரு முனைகளில் இருவரும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் நிலைக்கு ஒரு திருமணம் வந்துசேர்வதை இரண்டு நிமிடச் சொச்சத்தில் காட்டிவிடும் பகுதி அது. தம்பி வாய்விட்டுச் சிரித்தான். “அக்கா, இது காமெடிப் படம் என்று ஏன் சொல்லவில்லை?” என்றான்.

அவன் சொன்னதில் எனக்கு ஒன்று பிடிபட்டது. இதை எடுத்தபோது இயக்குநர் ஆர்சன் வெல்ஸுக்கு 25 வயது. அவருடைய முதல் முழுநீளப் படம். மேஜிக் வித்தையில் தீராத மோகம் கொண்டவர். படத்துக்குள் வரும் செய்திப்படம் நிஜமானதாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக ஃபிலிமைத் தரையில் இழுத்துக் கீறல் விழச் செய்தார்கள். கேமராவை வேண்டிய அளவு தாழ்த்துவதற்காகத் தரையையே தோண்டினார்கள். துணியால் கூரை கட்டி அதற்கு மேல் மைக்கை ஒளித்தார்கள். பிற்பகுதியில் பார்வையாளர்கள் கண்ணயர்ந்துவிடாமல் இருக்க ஒரு வெள்ளைக் கிளியை அலறவிட்டார்கள். பொம்மைக் கடைக்குள் அவிழ்த்துவிடப்பட்ட பிள்ளையின் குதூகலம் படம் முழுக்க இருக்கிறது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கைகட்டி நின்று பார்க்க வேண்டிய சன்னிதியாக நாம் அதை ஆக்கிவிட்டதால் அந்தக் குதூகலம் கண்ணுக்குப் படாமல் போய்விட்டது. உங்களுக்கு நேர்ந்ததும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

குறைகள் இல்லையா என்றால், உண்டு. கேன் சாகும்போது சொல்லும் ‘ரோஸ்பட்’ என்ற சொல்லின் மர்மமும், அந்தப் பெயரோடு கடைசியில் எரியும் சறுக்கு வண்டியும், ஒரு வாழ்க்கையின் பூட்டை ஒரே சாவியால் திறந்துவிடலாம் என்ற மலிவான மனோதத்துவத்தின் பக்கம் சாய்கின்றன. வெல்ஸே பிற்காலத்தில் அதைக் கேலி செய்திருக்கிறார். ஹெர்ஸ்டின் துணைவியும் உண்மையிலேயே திறமையான நகைச்சுவை நடிகையுமான மேரியன் டேவிஸை, குரல்வளம் இல்லாத சூசனோடு உலகம் குழப்பிக்கொண்டதும் ஓர் அநீதி. டேவிஸின் நினைவுக்குறிப்பு நூலுக்கு எழுதிய முன்னுரையில் வெல்ஸ் அதைச் சரிசெய்ய முயன்றார். படத்தின் கடைசிப் பகுதி, கேனின் பெரிய மாளிகைக்குள் போனபின், எனக்கு இன்றும் கொஞ்சம் இழுவையாகத்தான் இருக்கிறது. திரைக்கதையில் வெல்ஸின் பங்கு எவ்வளவு, உடன் எழுதிய ஹெர்மன் மேன்கிவிட்ஸின் பங்கு எவ்வளவு என்று 1971-இல் விமர்சகர் பாலின் கேல் கிளப்பிய சண்டை வேறு இருக்கிறது. இருவருக்கும் பங்குண்டு என்பதே பின்னர் வரைவுகளை ஒப்பிட்டுப் படித்தவர்கள் கண்டது.

இருந்தாலும் எனக்கு இந்தப் படம் பெரிய படமாகத் தோன்றுவது ரோஸ்பட்டால் அல்ல, பெர்ன்ஸ்டீனால். கேனின் பத்திரிகையில் மேலாளராக இருந்த அந்த முதியவர், மழை பெய்யும் ஒரு நாளில் தம் அலுவலகத்தில் அமர்ந்து, மனிதர்கள் எதையெல்லாம் நினைவில் வைத்திருக்கிறார்கள் தெரியுமா என்று நிருபரிடம் சொல்கிறார். 1896-இல் ஒருநாள் படகில் ஆற்றைக் கடந்தபோது வெள்ளை உடையும் வெள்ளைக் குடையுமாக ஒரு பெண்ணைக் கண்டாராம், ஒரு நொடிதான், அவள் இவரைப் பார்க்கவே இல்லை, ஆனால் அவளை நினைக்காமல் ஒரு மாதம்கூடக் கழிந்ததில்லையாம். இந்தப் பேச்சு மேன்கிவிட்ஸ் எழுதியது என்றும், தமக்கு மிகவும் பிடித்த இடம் இதுவே என்றும் வெல்ஸ் சொல்லியிருக்கிறார். முதியவராக நடித்த எவரெட் ஸ்லோனுக்கு அப்போது ஏறக்குறைய முப்பது வயதுதான். தோண்டிய தரையும் இல்லை, துணிக் கூரையின் விளையாட்டும் இல்லை. ஒரு மனிதர் பேசுகிறார், அவ்வளவே.

படம் முடிந்து விளக்கைப் போட்டபோது, சறுக்கு வண்டியைப் பற்றித் தம்பி ஒன்றும் கேட்கவில்லை. “அந்தக் குடைக்காரப் பெண்ணைக் கடைசிவரை காட்டவே இல்லையே, அக்கா?” என்றுதான் கேட்டான்.