கையை எடுத்துப் பார்க்காத பிள்ளைக்கு எந்தப் படிப்பு?

சென்ற ஞாயிற்றுக்கிழமை மகளின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு, அவளையும் அழைத்துக்கொண்டு பண்ருட்டியிலிருந்து என்னைப் பார்க்க வந்த தந்தையிடம், உடன் மைத்துனர் இருந்ததால் முழுதாகச் சொல்ல முடியாமல் போனவற்றை இங்கே எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் மற்றப் பெற்றோருக்கும் இது உதவக்கூடும்.

ஐயா, நீட் தேர்வில் மகளுக்கு இரண்டாம் முறையும் மதிப்பெண் போதவில்லை என்ற உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆயினும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க இப்போது நேரமில்லை. முந்திரித் தோப்பை விற்று அவளை வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாம் என்று உங்கள் மைத்துனர் சொல்வதை நான் முற்றாக எதிர்க்கிறேன். அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நாட்டில் 12 மாத உள்ளுறைப் பயிற்சி, திரும்பி வந்ததும் 300-க்கு 150 எடுத்தாக வேண்டிய தகுதித் தேர்வு, அதன் பிறகு இங்கே இன்னும் 12 மாதப் பயிற்சி என்று வரிசையாக நிற்கின்றன. இவற்றுள் ஒன்றில் தடுக்கினாலும் தோப்பு திரும்பி வராது. முகவர் கொடுத்த வண்ணக் கையேட்டில் அந்தத் தகுதித் தேர்வைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதை நீங்களே என் மேசையில் வைத்துப் புரட்டிப் பார்த்தீர்கள்.

புதுச்சேரியில் இருக்கும் அத்தை வீட்டு முகவரிக்கு இருப்பிடச் சான்று வாங்கி, அங்குள்ள மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக முயலலாம் என்ற யோசனையும் வேண்டாம். எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டிக் குடியிருக்காத பிள்ளைக்கு வாங்கும் சான்று பொய்ச் சான்றுதான். எந்த ஆண்டில் கண்டுபிடித்தாலும் சேர்க்கை ரத்தாகும், அந்தப் பழியும் அவள் தலையில்தான் விழும்.

இனி உங்கள் மகளைப் பற்றிப் பேசுவோம். நீங்கள் குறையாகச் சொன்ன அந்த நிகழ்ச்சியைத்தான் நான் கூர்ந்து கேட்டேன். நெல்லிக்குப்பம் சாலையில் கரும்பு டிராக்டரில் மோதி விழுந்த இளைஞர் ஒருவரின் காயத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்ததில் பயிற்சி வகுப்பின் மாதிரித் தேர்வை விட்டுவிட்டாள், துப்பட்டா முழுக்க ரத்தம், போலீஸ் விசாரணை என்று வந்தால் என்ன செய்வது என்றீர்கள். அந்த அச்சம் தேவையற்றது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள், விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவியவரைப் பெயர் சொல்லும்படிகூட வற்புறுத்த முடியாது என்கின்றன.

நான் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "ரத்தம் நின்றுவிட்டதா என்று கையை எடுத்துப் பார்த்தாயா அம்மா?" "எடுக்கலை சார். எடுத்தா மறுபடி வந்துடும்னு பள்ளிக்கூடத்து ஜூனியர் ரெட் கிராஸ் வகுப்புல சொல்லிக் கொடுத்தாங்க" என்றாள். சுற்றி நின்றவர்கள் தண்ணீர் கொடுக்க வந்தபோது தடுத்திருக்கிறாள். 108 வண்டி வந்ததும், விழுந்தது நான்கு பத்துக்கு என்று நேரத்தையும் சொல்லியிருக்கிறாள். இரண்டு ஆண்டுகள் நீட் வினாத்தாள்களோடு போராடிய பிள்ளை, அதைச் சொல்லும்போதுதான் தலை நிமிர்ந்து பேசினாள்.

அவள் செய்ததையே முறையாகக் கற்றுத் தரும் பட்டப்படிப்பு இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்ற படிப்பைச் சொல்கிறேன். மூன்று ஆண்டுப் படிப்பு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி.

இதை ஆம்புலன்ஸில் துணைக்குப் போகும் வேலை என்று மைத்துனர் ஒதுக்கினார். அப்படியல்ல. அழுத்தியும் நிற்காத ரத்தத்துக்குக் காயத்துக்கு மேலே டூர்னிகெட் பட்டையை இறுக்கி, இறுக்கிய நேரத்தை அதன் மீதே எழுத வேண்டும். இடுப்பெலும்பு நொறுங்கியவருக்கு வெளியே சொட்டு ரத்தம் தெரியாமல் உள்ளே லிட்டர் கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். அவருக்குக் கட்டும் பட்டையை இடுப்பில் கட்டக்கூடாது, தொடையெலும்பின் மேல்முனை கைக்குத் தட்டுப்படும் மட்டத்தில் கட்ட வேண்டும். முதுகுத்தண்டில் அடிபட்டிருக்கலாம் என்று தோன்றினால், தலையைப் பிடித்திருப்பவர் சொல்லும் சொல்லுக்கு மற்றவர்கள் ஒரே நேரத்தில் உடலைப் புரட்ட வேண்டும். கடலூர் வெயிலிலும் காயம்பட்டவரைப் போர்வையால் மூடுவார்கள், ஏனென்றால் ரத்தம் இழந்த உடல் விரைவில் குளிர்ந்துவிடும், குளிர்ந்த உடலில் ரத்தம் எளிதில் உறையாது. ட்ரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்து, ரத்தப்போக்கால் நேரும் சாவைக் குறைக்கிறது என்பது 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. ஆனால் அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அது காக்கும், பிந்தினால் கெடுதலும் செய்யும். உங்கள் மகள் சொன்ன 'நான்கு பத்து' மருத்துவருக்கு எவ்வளவு வேண்டிய தகவல் என்பதை நீங்கள் இப்போது உணர்வீர்கள்.

சிரமங்களையும் மறைக்கக் கூடாது. தொடக்கச் சம்பளம் குறைவு. 12 மணி நேரப் பணி, இரவுப் பணி எல்லாம் உண்டு. 108 சேவை நர்சிங் முடித்தவர்களையும் வேறு பட்டதாரிகளையும் பயிற்சி கொடுத்து மருத்துவ நுட்புநராக எடுத்துக்கொள்கிறது, ஆகவே இந்தப் பட்டம் இருந்தால்தான் அங்கே வேலை என்று இல்லை. மருத்துவமனைகளின் விபத்து சிகிச்சைப் பிரிவுகளில் இதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு. 2021-ஆம் ஆண்டின் இணைநிலைச் சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டமும் இத்தொழிலைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டுள்ளது.

கட்டண விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதலில் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் பாராமெடிக்கல் கலந்தாய்வில் அரசு இடத்துக்கு விண்ணப்பியுங்கள், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே அங்கே இடம் தருகிறார்கள். தனியார் கல்லூரி என்றால் பல்கலைக்கழக இணைப்பு ஆணையை வாங்கிப் படியுங்கள். பிறகு ஓர் இரவு எட்டு மணிக்கு அதன் மருத்துவமனை வாசலில் போய் நின்று, அடிபட்டவர்கள் உண்மையிலேயே அங்கே கொண்டுவரப்படுகிறார்களா என்று பாருங்கள். மருத்துவமனையே இல்லாமல் மாடிக்கட்டடத்தில் நடக்கும் 'பாராமெடிக்கல்' நிலையத்தில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

அடுத்த முறை மகளை மட்டும் அவள் அம்மாவோடு அனுப்புங்கள், மைத்துனர் வர வேண்டாம். தோப்புக்கு யாரிடமாவது முன்பணம் வாங்கியிருந்தால், அதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.